தடுக்கப்பட்ட படமும் தொலைந்த படமும்

காத்தோங் வட்டாரத்தை இன்று காண வருவோர் அதனை உணவகங்களுக்கும் வண்ணம் தீட்டிய பெரானாக்கான் வீடுகளுக்கும் பெயர்பெற்ற இடமாகவே அறிவர். தமிழர்களுக்கு அது சிலோன் ரோட்டில் எழுந்தருளியுள்ள செண்பக விநாயகர் ஆலயத்தின் இருப்பிடமுமாகும். ஈழத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர்களின் நினைவு அச்சாலையின் பெயரிலேயே தங்கியிருக்கிறது. அங்கிருந்து சற்றுத் தொலைவு நடந்தால் ராக்சி ஸ்குவேர் என்னும் கடைத்தொகுதி வருகிறது. முன்பு அவ்வட்டாரத்தில் ராக்சி என்றொரு திரையரங்கம் இருந்தது. அரங்கம் மறைந்தது, பெயர் எஞ்சியது. அதற்கும் அப்பால், கடலும் அன்று இன்றிருப்பதைவிட மிக அருகில் இருந்தது. 1966ஆம் ஆண்டில் தொடங்கிய நிலமீட்புப் பணிக்குப் பின்னரே கரை தெற்கே நகர்ந்து, மரின் பரேட் அடுக்குமாடி வீடுகளுக்கு இடம் தந்தது.

பெயர் மட்டும் எஞ்சி, பொருள் மறைந்துபோவது நம் நகரத்தின் இயல்பாகிவிட்டது. கட்டடம் மறைந்தால் நிழற்படமாவது இருக்கும். திரைப்படம் மறைந்தால் என்ன எஞ்சும்? இக்கட்டுரையில் நாம் இரண்டு திரைப்படங்களின் கதையைக் காண்போம். ஒன்று, மக்கள் திரண்டு சென்று பார்த்த படம். மற்றொன்று, மக்கள் பார்க்கவே கூடாது என்று தடுக்கப்பட்ட படம். முதலாவது தொலைந்துவிட்டது. இரண்டாவது இன்றும் இருக்கிறது. இந்த முரண் நமக்குக் கற்பிப்பது என்ன என்பதே நம் கேள்வி.

கடலோரத்துக் கலையகம்

காத்தோங்கிலிருந்து ஈஸ்ட் கோஸ்ட் ரோடு வழியாகக் கிழக்கு நோக்கிச் சென்றால், முற்காலத்தில் கேத்தே-கெரிஸ் என்னும் படக் கலையகம் இருந்தது. 1953ஆம் ஆண்டில் லோக் வான் தோ, ஹோ ஆ லோக் என்னும் இருவர் கூட்டாக நிறுவிய நிறுவனம் அது. அதே ஆண்டில் ‘பூலோ பெரிண்டு’ என்னும் வண்ணப் படத்துடன் அது தன் பணியைத் தொடங்கியது. ஜாலான் அம்பாஸ் சாலையில் ஷா சகோதரர்கள் நடத்திய மலாய் ஃபிலிம் புரொடக்ஷன்ஸ் அதற்குப் போட்டியாக விளங்கியது. 1950களிலும் 1960களின் முற்பகுதியிலும் மலாய்த் திரைப்படத்தின் தலைநகராகச் சிங்கப்பூர் திகழ்ந்ததற்கு இவ்விரு கலையகங்களே காரணம்.

அப்படங்களில் நடித்தோரும் பாடியோரும் பெரும்பாலும் மலாய்க்காரர்கள். முதலீடு செய்தோர் சீனர்கள். இயக்கியோரில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன், 1950ஆம் ஆண்டில் ‘பக்தி’ என்னும் படத்தில் பி. ரம்லீயைக் கதாநாயகனாக்கியவர், பின்னர் கேத்தே-கெரிஸ் கலையகத்திலும் பணியாற்றினார். தமிழ்நாட்டில் ‘சாலிவாகனன்’ (1945) போன்ற படங்களை இயக்கிய பி.என். ராவ், சிங்கப்பூருக்கு வந்து மலாய்ப் படங்களை இயக்கினார். தமிழ்ப் படவுலகில் பயின்ற கைகள் மலாய்ப் படவுலகை வளர்த்தன என்பது நம் மாணவர்கள் அறியவேண்டிய செய்தியாகும். இனத்தாலும் மொழியாலும் வேறுபட்டோர் ஒரு கூரையின்கீழ் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்ட இடம் அக்கலையகம்.

பி.என். ராவ் 1957ஆம் ஆண்டில் கேத்தே-கெரிஸுக்காக இயக்கிய படமே ‘பொந்தியானாக்’. மகப்பேற்றின்போது இறந்த பெண் பேயாய்த் திரிவாள் என்பது மலாய் மக்களின் நெடுநாள் நம்பிக்கை. அதனைத் திரைக்குக் கொண்டுவந்த அப்படத்தில் மரியா மெனாடோ நடித்தார். படம் பெருவெற்றி பெற்றது. அவ்வாண்டிலேயே ‘டெண்டாம் பொந்தியானாக்’ என்னும் தொடர்ச்சியும், 1958இல் ‘சும்பா பொந்தியானாக்’ என்னும் மூன்றாம் படமும் வந்தன. மூன்றாவது படம் இன்று நமக்குக் கிடைக்கிறது. முதலிரண்டும் கிடைக்கவில்லை. படச்சுருள்கள் ஈயச் சுரங்கக் குட்டையொன்றில் எறியப்பட்டன என்றொரு செய்தி திரையுலகில் வழங்கி வருகிறது. அது உண்மையாயினும் அன்றாயினும் விளைவு ஒன்றே. ஒரு தலைமுறை கண்டு நடுங்கிய படத்தை அடுத்த தலைமுறை காண வழியில்லை.

அப்படத்தை எவரும் தடைசெய்யவில்லை, எவரும் வெறுக்கவுமில்லை. ஓடி முடிந்த படத்துக்கு இனிப் பயனில்லை என்று கருதப்பட்ட காலம் அது. படச்சுருள் என்பது அன்று வாடகைக்கு விடும் சரக்கு. வாடகை நின்றால் அது கிடங்கில் இடத்தை அடைக்கும் சுமை.

கலையகம் மூடியபின்

கேத்தே-கெரிஸின் வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. 1963ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூரில் தொலைக்காட்சி அறிமுகமாயிற்று. அதே ஆண்டில் தொடங்கிய இந்தோனீசிய எதிர்ப்புப் போராட்டத்தால் மலாய்ப் படங்களுக்கு ஒரு பெருஞ்சந்தை அடைபட்டது. 1964 ஜூன் 20ஆம் நாள் தைவானில் நேர்ந்த விமான விபத்தில் லோக் வான் தோ உயிரிழந்தார். 1967இல் ஜாலான் அம்பாஸ் கலையகம் மூடப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் கேத்தே-கெரிஸும் படமெடுப்பதை நிறுத்தியது. கலையகங்கள் நடத்திய படத்தொழில் சிங்கப்பூரில் அத்துடன் முடிவுக்கு வந்தது.

அந்த வெற்றிடத்தில்தான் நம் இரண்டாம் படம் பிறந்தது. ‘ரிங் ஆஃப் ஃபியூரி’ என்பது அதன் பெயர். ‘சீற்ற வளையம்’ என்று தமிழில் சொல்லலாம். டோனி இயோ, ஜேம்ஸ் செபஸ்டியன் ஆகிய இருவரும் இயக்கிய அப்படம் 1973ஆம் ஆண்டைச் சேர்ந்தது. புரூஸ் லீ நடித்த படங்கள் 1971 முதல் ஆசியா முழுவதும் அலையாய் எழுந்திருந்தன. இளைஞர்கள் தற்காப்புக் கலைகளைக் கற்க விரைந்தனர். அந்த அலையில் பிறந்த இப்படம் சிங்கப்பூரின் முதல் தற்காப்புக் கலைப் படம் என்று குறிக்கப்படுகிறது. கதாநாயகனாக நடித்த பீட்டர் சோங் திரைநடிகர் அல்லர், கராத்தே ஆசிரியர். பெரிய கலையகமோ பெரிய நட்சத்திரமோ இல்லாமல், உண்மையான சண்டை வீரர்களைக் கொண்டு எடுக்கப்பட்ட படம் இது.

கதை எளியது. மீ விற்றுப் பிழைக்கும் ஓர் இளைஞன். குண்டர் கும்பல் அவனிடம் ‘பாதுகாப்புப் பணம்’ கேட்கிறது. அவன் மறுக்கிறான். அவன் குடும்பம் அழிவுக்குள்ளாகிறது. அவன் ஓர் ஆசானை அடைந்து கலை பயின்று, கும்பலை எதிர்த்து ஒவ்வொருவராக வீழ்த்துகிறான். கும்பலின் தலைவனோ இரும்பு முகமூடி அணிந்தவன். முகமற்ற அதிகாரம், முகம் தெரிந்த எளியவன், இருவருக்கும் இடையே சட்டத்தின் கை எட்டாத ஒரு நகரம். இதுவே படத்தின் உலகம்.

இப்படம் சிங்கப்பூரில் தடைசெய்யப்பட்டது. குண்டர் கும்பல்களைச் சித்திரித்த முறையே அதற்குக் காரணம். சிங்கப்பூர் மக்கள் தங்கள் நகரில் எடுக்கப்பட்ட அப்படத்தைத் தங்கள் அரங்குகளில் காண முப்பது ஆண்டுகளுக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

அச்சத்தின் வரலாறு

இத்தடையை இன்றைய கண்ணால் மட்டும் பார்த்து நகைப்பது எளிது. வரலாற்று மாணவர்கள் அவ்வாறு செய்தல் ஆகாது. அன்றைய அச்சம் எத்தகையது என்பதை முதலில் நாம் அறிதல் வேண்டும்.

ரகசியக் கும்பல்கள் சிங்கப்பூரின் அன்றாட வாழ்வில் ஊடுருவியிருந்த காலம் அது. கடைக்காரர், வாகன ஓட்டி, தள்ளுவண்டி வியாபாரி எனப் பலரும் ஏதேனும் ஒரு கும்பலுக்குப் பணம் கட்டினர். சாட்சி சொல்ல எவரும் முன்வராததால் நீதிமன்றங்கள் கைகட்டி நின்றன. 1955ஆம் ஆண்டின் குற்றவியல் தற்காலிக ஏற்பாடுகள் சட்டமும், விசாரணையின்றித் தடுத்துவைக்க இடமளித்த அதன் பின்னைய திருத்தமும் அந்நிலையிலிருந்தே பிறந்தன. அவ்வாறு தடுத்துவைக்கப்பட்டோரை உழைப்பின் வழியே திருத்தலாம் என்னும் நம்பிக்கையில், 1960இல் புலாவ் செனாங் தீவில் ஒரு குடியேற்றம் அமைக்கப்பட்டது. 1963 ஜூலை 12ஆம் நாள் அங்கே கலவரம் வெடித்தது. கண்காணிப்பாளர் டேனியல் டட்டனும் அவருடைய அதிகாரிகள் சிலரும் கொல்லப்பட்டனர். 1965இல் பதினெட்டுப் பேர் தூக்கிலிடப்பட்டனர்.

‘ரிங் ஆஃப் ஃபியூரி’ எடுக்கப்பட்டபோது அந்நிகழ்ச்சிக்குப் பத்தே ஆண்டுகள்தாம் கடந்திருந்தன. புதிய அடுக்குமாடி வீடுகள் எழுந்துகொண்டிருந்தன. வெளிநாட்டு முதலீட்டாளர்களை அரசு அழைத்துக்கொண்டிருந்தது. கும்பல்களின் பிடியை உடைத்துவிட்டோம் என்று சொல்ல முனைந்த அரசுக்கு முன்னால், எளிய வியாபாரி ஒருவன் தன் கையே தனக்குத் துணையென்று புறப்படும் படம் வந்து நின்றது. தணிக்கையாளர்களுக்கு அது வெறும் சண்டைப் படமாகத் தோன்றவில்லை. சட்டத்தின் இயலாமையை உரக்கச் சொல்லும் குற்றச்சாட்டாகவே தோன்றியிருக்கும். அவர்கள் கவலைக்குக் காரணம் இருந்தது. ஆனால் அக்கவலையை விளக்கும் சான்றும் அந்தப் படமே என்பதை நாம் மறத்தல் கூடாது.

நகரின் இருள் பாடியோர்

நகரத்தை இருளாகக் காட்டுவது மேலைநாட்டார் கண்டுபிடித்த வழக்கம் என்று சிலர் எண்ணக்கூடும். தமிழ் மரபு வேறு செய்தியைச் சொல்கிறது.

பத்துப்பாட்டில் நீளத்தால் முதலிடம் பெறுவது மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி. 782 அடிகளில் பாண்டியன் நெடுஞ்செழியனின் புகழையும் மதுரை மாநகரின் வளத்தையும் அது விரித்துரைக்கிறது. பகல் அங்காடியும் அல்லங்காடியும் விழாவும் விளக்கும் அதில் உண்டு. அத்துடன் நள்ளிரவில் உலவும் கள்வரும் உண்டு. அவர்களைத் தேடித் தெருத்தெருவாய்த் திரியும் ஊர்க்காவலரும் உண்டு. நகரைப் புகழ வந்த புலவர் கள்வரை மறைக்கவில்லை. அரசனிடம் நிலையாமையை உணர்த்துவதே அப்பாட்டின் நோக்கம் என்பதால், இருளைக் காட்டாமல் அவர் தம் கடமையை முடித்திருக்க இயலாது.

சிலப்பதிகாரமோ ஒரு படி மேலே செல்கிறது. நீதி தவறிய நகரம் தீக்கிரையாவதை அது காட்டுகிறது. கோவலனைக் கொன்ற மதுரையும் கண்ணகி எரித்த மதுரையும் நம் இலக்கியத்தின் நடுவே நிற்கின்றன. அக்காப்பியம் மதுரைக்கு இழிவு தேடியது என்று எவரும் இன்று சொல்வதில்லை. அரசு தவறினால் நகரம் என்னவாகும் என்னும் எச்சரிக்கையாகவே அதனைத் தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குக் கற்பித்து வருகிறோம்.

திரைப்படம் பிறந்தபின் அந்த எச்சரிக்கை எதிர்காலத்தை நோக்கித் திரும்பியது. 1927இல் ஜெர்மானிய இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த ‘மெட்ரோபோலிஸ்’, மேலே ஆள்வோரும் கீழே உழைப்போருமாகப் பிளவுண்ட நகரைக் காட்டியது. 1979இல் ஆஸ்திரேலியாவில் வெளிவந்த ‘மேட் மேக்ஸ்’, சட்டம் தளர்ந்து நெடுஞ்சாலைகளைக் கும்பல்கள் ஆளும் எதிர்காலத்தைக் காட்டியது. அதனை இயக்கிய ஜார்ஜ் மில்லர் மருத்துவர். விபத்தில் சிக்கியோர்க்குச் சிகிச்சை அளித்த அனுபவம் உடையவர். சிறு தொகையில் எடுக்கப்பட்ட அப்படம் உலகெங்கும் ஓடியது. ஆயினும் நியூசிலாந்து அதனை 1983 வரையும், சுவீடன் 2005 வரையும் தடைசெய்திருந்தன.

தடை என்பது சிங்கப்பூருக்கு மட்டும் உரிய வழக்கமன்று என்பது இதனால் விளங்கும். இங்கே ஒரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். ‘மேட் மேக்ஸ்’ தன் இருளை வருங்காலத்தில் வைத்தது. ‘ரிங் ஆஃப் ஃபியூரி’ தன் இருளை அன்றைய நாளில், அன்றைய தெருவில் வைத்தது. வருங்காலத்தின் இருளை எச்சரிக்கை என்று ஏற்றுக்கொள்ளும் உலகம், நிகழ்காலத்தின் இருளைப் பழி என்று கருதுகிறது. மற்றொரு வேறுபாடு இன்னும் முக்கியமானது. ஒரு நாடு தடுத்தாலும் ‘மேட் மேக்ஸ்’ படத்துக்குப் பல நாடுகளில் பல பிரதிகள் இருந்தன. சிறிய நாட்டில் எடுத்த சிறிய படத்துக்கு அந்தக் காப்பு இல்லை. பிறந்த ஊரே அதனைக் கைவிட்டால் அதற்கு வேறு ஊர் ஏது?

ஒரே நகரம், மூன்று ஒளிப்பதிவுக் கருவிகள்

அடுத்த சில ஆண்டுகளில் நடந்தவை இச்சிக்கலைத் தெளிவாகக் காட்டுகின்றன. 1978ஆம் ஆண்டை ஒட்டிச் சிங்கப்பூரைப் படமெடுக்க வெளியூரார் பலர் வந்தனர்.

முதலாவதாக, நம் தமிழ்த் திரையுலகினர். சுஜாதாவின் நாவலைத் தழுவி எஸ்.பி. முத்துராமன் இயக்கிய ‘பிரியா’ 1978இல் வெளிவந்தது. இசைக்குழு ஒன்று சிங்கப்பூருக்கு வரும் கதையைக் கே. பாலசந்தர் ‘நினைத்தாலே இனிக்கும்’ என்னும் பெயரில் 1979இல் தந்தார். ரஜினிகாந்த் இரண்டிலும் நடித்தார். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வாழ்ந்தோர்க்குச் சிங்கப்பூர் என்றால் கண்முன் தோன்றும் காட்சியை இப்படங்களே வரைந்தன. அகன்ற சாலை, உயர்ந்த கட்டடம், பூங்கா, கடல், காதல். அங்கே இருளுக்கு இடமில்லை.

இரண்டாவதாக, அமெரிக்க இயக்குநர் பீட்டர் பொக்டனோவிச். பால் தெரூ எழுதிய நாவலைத் தழுவி ‘செயிண்ட் ஜேக்’ படத்தை அவர் 1978இல் இங்கே எடுத்தார். விலைமாதர் தொழிலை நடத்தும் ஓர் அமெரிக்கனின் கதை அது. உண்மைக் கதையைச் சொன்னால் அனுமதி கிடைக்காது என்றெண்ணி, வேறொரு கதைச்சுருக்கத்தைக் கொடுத்தே படக்குழு அனுமதி பெற்றது. அப்படம் இங்கே தடைசெய்யப்பட்டது. 2006ஆம் ஆண்டில்தான் தடை நீங்கியது. அதற்குள் படத்தில் கண்ட பழைய பூகிஸ் ஸ்திரீட் மாறிப்போயிருந்தது.

மூன்றாவதாக, பிலிப்பீன்ஸ் நாட்டு இயக்குநர் பாபி சுவாரெஸ். சிங்கப்பூர்ப் பெண்ணான டோரிஸ் யங்கை மேரி லீ என்னும் பெயரில் நாயகியாக்கி, ‘கிளியோபாட்ரா வோங்’ என்னும் சண்டைப் படத்தை 1978இல் அவர் வெளியிட்டார். குற்றக் கும்பலை முறியடிக்கும் காவல்துறைப் பெண் அவள். இங்கே வன்முறை இருந்தது. ஆனால் அது சட்டத்தின் பக்கம் நின்றது.

இம்மூன்றும் ஒரே காலத்தில் ஒரே நகரைப் பார்த்த மூன்று பார்வைகள். இவற்றுள் எது உண்மைச் சிங்கப்பூர் என்று மாணவர் ஒருவர் கேட்டால் என்ன விடை சொல்வோம்? மூன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்வோம். ‘பிரியா’வில் காணும் ஒளியும் பொய்யன்று, ‘செயிண்ட் ஜேக்’கில் காணும் இருளும் பொய்யன்று. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தொலைத்தால், எஞ்சியது பொய்யாகிவிடும்.

கதையும் பின்னணியும்

ஒரு திரைப்படத்தை வரலாற்றுச் சான்றாகப் படிப்பது எவ்வாறு? ஆசிரியர்களுக்குப் பயன்படும் எளிய வழி ஒன்று உண்டு. முன்னால் நிற்பவரை விட்டுவிட்டுப் பின்னால் தெரிவதைப் பார்த்தல் வேண்டும்.

‘ரிங் ஆஃப் ஃபியூரி’யின் கதை கற்பனை. இரும்பு முகமூடித் தலைவன் எந்தக் காவல்துறைக் கோப்பிலும் இருக்கமாட்டான். தனியொருவன் ஒரு கும்பலையே வீழ்த்துவதும் திரைக்கே உரியது. ஆனால் நாயகன் நடக்கும் தெரு, விளம்பரப் பலகை, தள்ளுவண்டி, உடை, முடி, வழிப்போக்கர் பார்க்கும் பார்வை ஆகியவற்றை எந்தக் கதாசிரியரும் எழுதவில்லை. அவை தாமாகவே வந்து படச்சுருளில் பதிந்தவை. கதை கற்பனையாயினும் பின்னணி சான்றாகிறது.

மூன்றாவது சான்றும் உண்டு. படம் எதனைக் கண்டு அஞ்சியது, படத்தைக் கண்டு யார் அஞ்சினர் என்பதும் வரலாறே. பாடநூலில் ரகசியக் கும்பல்களைப் பற்றி ஆண்டும் சட்டமும் படிக்கும் மாணவர், ஒரு சிறு வியாபாரி கையில் இருந்த சில்லறைக் காசை எண்ணிக் கொடுக்கும்போது எத்தகைய மனநிலையில் இருந்தான் என்பதை ஆண்டுக் கணக்கால் அறிய முடியாது. அதனைக் காட்டவல்லது கதை. தடைசெய்யப்பட்ட கதையாயினும் அதுவே.

தடுப்பது வேறு, தொலைப்பது வேறு

இனி நம் முதற்கேள்விக்குத் திரும்புவோம். விரும்பப்பட்ட ‘பொந்தியானாக்’ தொலைந்தது. தடுக்கப்பட்ட ‘ரிங் ஆஃப் ஃபியூரி’ எஞ்சியது. தடையே அதனைக் காத்தது என்று சொல்வது பிழை. ஒரு பிரதி எங்கோ எஞ்சியிருந்தது. உரிய காலத்தில் அதனை மதிக்கத் தெரிந்தவர் கையில் அது சேர்ந்தது. அவ்வளவே.

படச்சுருள் தானாக வாழாது. அதன் அடித்தளமான அசிட்டேட், வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதையும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. பெட்டியைத் திறந்தால் காடி நெடி வீசும். சுருள் சுருங்கும், வளையும், பின்னர் உடையும். ஒரு சுருளில் தொடங்கிய சிதைவு அருகில் உள்ளவற்றையும் விரைவுபடுத்தும். ஆண்டு முழுவதும் வெம்மையும் ஈரமும் நிறைந்த நம் தீவில் இச்சிதைவுக்குத் தடையேதுமில்லை. குளிரூட்டப்பட்ட, ஈரம் கட்டுப்படுத்தப்பட்ட அறையில் வைப்பதே வழி. ‘நாளை பார்த்துக்கொள்வோம்’ என்று சொல்லும் உரிமையைப் படச்சுருள் நமக்குத் தருவதில்லை.

மீட்கும் பணியும் எளிதன்று. ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் என்றால், தொண்ணூறு நிமிடப் படத்தில் 1,29,600 சட்டங்கள் உள்ளன. சுருளைத் துடைத்து, கிழிந்ததை ஒட்டி, ஒவ்வொரு சட்டத்தையும் மின்வடிவாக்கி, கீறலையும் கறையையும் நீக்கி, மங்கிய நிறத்தைச் சீராக்கி, ஒலியையும் தூய்மைசெய்தல் வேண்டும். 2005ஆம் ஆண்டில் தொடங்கிய ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இப்பணியைச் சிங்கப்பூரில் ஆற்றி வருகிறது. ‘ரிங் ஆஃப் ஃபியூரி’யை மீட்டெடுத்ததும் அதுவே. காத்தோங் கடலோரத்தில் பிறந்து எஞ்சிய கேத்தே-கெரிஸ் மலாய்ப் படங்களின் தொகுப்பும் அதன் பாதுகாப்பில் உள்ளது. அத்தொகுப்பு 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் வட்டார உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றது. அன்று கிடங்கை அடைத்த சுமை இன்று உலகப் பாரம்பரியம்.

இதிலிருந்து நாம் பெறும் முடிவு ஒன்று. ஒரு சமூகம் ஒரு படைப்பை இன்று காட்டலாமா கூடாதா என்று வாதிடலாம். அந்த வாதம் காலத்துக்கேற்ப மாறும். நியூசிலாந்திலும் சுவீடனிலும் மாறியது. நம் ஊரிலும் மாறியது. காட்டுவதைத் தள்ளிவைத்தால் பின்னர் காட்டலாம். காப்பதைத் தள்ளிவைத்தால் பின்னர் வாதிடுவதற்கே பொருள் இராது. தடை திருத்தத்தக்க பிழை. தொலைப்பு திருத்த இயலாத பிழை.

நம் மொழியின் பங்கு

இம்முடிவு தமிழுக்கும் பொருந்தும். சற்றுக் கடுமையாகவே பொருந்தும். ஏனெனில் சிங்கப்பூரில் தமிழில் உருவாகும் படைப்புகளுக்குப் பிரதிகள் குறைவு, பார்வையாளர் குறைவு, பேணுவோரும் குறைவு.

சிங்கப்பூரின் இருண்ட பக்கத்தைத் தமிழில் காட்டிய திரைப்படங்களும் உள்ளன. எரிக் கூ 2008இல் இயக்கிய ‘மை மேஜிக்’, பெரும்பாலும் தமிழில் பேசும் படம். குடிப்பழக்கத்தால் வீழ்ந்த மாயவித்தைக்காரர் ஒருவர் தம் மகனுக்காக மீண்டெழ முயல்வதைச் சொல்லும் அப்படம், கான் திரைப்பட விழாவின் முதன்மைப் போட்டியில் கலந்துகொண்டது. 2010இல் வந்த ‘குருஷேத்திரம்’ போதைப்பொருள் உலகைக் களமாக்கியது. கே. ராஜகோபால் 2016இல் இயக்கிய ‘எ யெல்லோ பேர்ட்’, சிறையிலிருந்து வெளிவந்த இந்தியர் ஒருவர் தம் குடும்பத்தைத் தேடி அலைவதைக் காட்டியது. அதுவும் கான் நகரில் திரையிடப்பட்டது. ‘பிரியா’ காட்டிய சிங்கப்பூருக்கும் இவை காட்டும் சிங்கப்பூருக்கும் இடையிலுள்ள தொலைவு, வந்து பார்த்தவர் பார்வைக்கும் வாழ்ந்து பார்த்தவர் பார்வைக்கும் இடையிலுள்ள தொலைவாகும்.

எழுத்துத் துறையில் நாம் நல்ல தொடக்கம் செய்திருக்கிறோம். 1935இல் தமிழவேள் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியத்தின் இணையத் தொகுப்பில் இன்று படிக்கலாம். சிங்கப்பூர் விடுதலை பெற்ற ஆண்டிலிருந்து ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கும் திட்டமும் 2015இல் நிறைவெய்தியது. காட்சிக்கும் ஒலிக்கும் அத்தகைய கவனம் தேவை. ஒரு வீட்டு அலமாரியில் கிடக்கும் நாடக ஒளிநாடா, ஒரு பள்ளியின் கலைவிழாப் பதிவு, ஒரு மேடை நாடகத்தின் அறிவிப்புத் தாள் ஆகியவற்றுக்கும் காடி நெடி வீசும் நாள் வரும்.

ஆசிரியர்கள் வகுப்பறையில் செய்யத்தக்கது ஒன்றைச் சொல்லி முடிக்கலாம். மாணவர்களைப் பழைய தமிழ் முரசின் திரைப்பட விளம்பரங்களைத் தேடச் சொல்லலாம். எந்த அரங்கில் எந்தப் படம் ஓடியது என்று குறிக்கச் சொல்லலாம். பிறகு வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம் அப்படங்களைப் பற்றிக் கேட்கச் சொல்லலாம். எதைக் கண்டு மகிழ்ந்தார்கள், எதைக் கண்டு அஞ்சினார்கள், எந்தத் தெருவில் இரவில் நடக்கத் தயங்கினார்கள் என்று கேட்டால், பாடநூலில் இல்லாத சிங்கப்பூர் ஒன்று அவர்கள் பேச்சில் எழுந்துவரும். அதனைப் பதிவுசெய்து, நாளையும் இடத்தையும் குறித்து, நூலகத்தில் சேர்ப்பித்தால் அதுவும் ஓர் ஆவணமாகும்.

காத்தோங்கில் கடல் விலகிப்போயிற்று. அரங்கம் பெயராயிற்று. கலையகம் இருந்த சாலையில் இன்று வீடுகள் நிற்கின்றன. ‘பொந்தியானாக்’ படத்தைத் திரையில் கண்டோர் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் நினைவைத் தவிர அப்படத்துக்கு வேறு பிரதி நம்மிடம் இல்லை. அந்நினைவையேனும் அவர்களிடம் இப்போதே கேட்டறிவது நம் கடமை.